ஷிப்டு முடிந்த பிறகு அரிதாரம்

ஒரே டாங்கியைச் செய்யும் ஊர்கள் இரண்டு. ஒன்று ரஷ்யாவில் உரால் மலைப் பக்கம் இருக்கும் நிஷ்னி தகில். இன்னொன்று நம்ம ஆவடி. அங்கே உரால்வகோன்சவோத் என்ற, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் பெயர் கொண்ட தொழிற்சாலையில் பிறந்த டி-72, 1980களின் பிற்பகுதியில் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலைக்கு (எச்.வி.எஃப்.) வந்து 'அஜேயா' ஆயிற்று. அதற்குப் பின் வந்த டி-90-க்கு இங்கே 'பீஷ்மா' என்று பெயர். இரண்டு ஊரிலும் தொழிற்சாலையைச் சுற்றித்தான் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எழுந்தன. ஷிப்டு மாறும் நேரத்தில்தான் இரண்டு ஊரின் தெருவும் நிறையும்.

ஆனால் நிஷ்னி தகிலில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. உரால் வட்டார எழுத்தாளர் மாமின்-சிபிரியாக்கின் பெயர் தாங்கிய நாடக அரங்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், ஏற்பட்டது. அதற்கென்று நிரந்தரக் குழு உண்டு, குழுவின் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. டாங்கித் தொழிற்சாலைக்கென்று தனியாக ஒரு கலாச்சார மாளிகை வேறு. ஆவடிக்கு இதற்குள் எத்தனையோ வந்துவிட்டன. 1955-இல் காங்கிரஸ் மாநாடு நடந்து, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தால் ஊரின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. 1961-இல் டாங்கித் தொழிற்சாலை, 1965-இல் முதல் விஜயந்தா. அண்மையில் மாநகராட்சி, காவல் ஆணையரகம். வாரா வாரம் நாடகம் நடக்கிற ஓர் அரங்கு மட்டும் வரவில்லை.

அதற்காக இந்தப் பக்கத்தில் நடிகர்களே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருந்தார்கள். சங்கு ஊதி, ஷிப்டு முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு வந்த பிறகு நடிகர்கள் ஆனார்கள். சோவியத் நடிகனுக்கு நாடக அரங்கே சம்பளம் கொடுத்தது. நம் நடிகனுக்குச் சம்பளம் கொடுத்தது ஆபீசும் ஆலையும். நாடகத்துக்கு அரசு மானியம் இல்லை என்று புலம்பும்போது நாம் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். மத்திய அரசும் டி.வி.எஸ்ஸும் ரயில்வேயும் தமக்கே தெரியாமல் தமிழ் நாடகத்துக்கு ஐம்பது ஆண்டு மானியம் கொடுத்திருக்கின்றன. இன்றைக்கு நின்றுபோயிருப்பது அந்த மானியம்தான்.

முதலில் அந்தப் பக்கத்து வாழ்க்கை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனதோலி பபானோவ் 1922-இல் வியாஸ்மா என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பம் மாஸ்கோவுக்கு வந்தது. பள்ளி முடிந்ததும் பால்பேரிங் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளியாகச் சேர்ந்தார். மாலையில் 'கௌச்சுக்' ரப்பர் தொழிற்சாலையின் தொழிலாளர் மன்றத்தில் நாடகப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, மாஸ்கோவின் பெயர் பெற்ற வக்தாங்கோவ் அரங்கின் நடிகர்கள். ஒரு வார்ப்படத் தொழிலாளிக்கு நகரத்தின் முதல்தர நடிகர்கள் மாலை நேர வாத்தியார்களாகக் கிடைப்பது என்றால் என்ன என்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் உலை முன் நின்று பழகியவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

1941-இல் போர் வந்தது. பையன் முனைக்குப் போனான். மறு ஆண்டே காலில் படுகாயம், விரல்கள் போயின. ஊனமுற்றோர் சான்றிதழுடனும் கைத்தடியுடனும் மாஸ்கோ திரும்பியவர், அந்தத் தடியோடேயே நாடகக் கல்லூரி வாசலில் போய் நின்றார். எடுத்துக்கொண்டார்கள். போர்க்காலத்தில் ஆண் மாணவர்களுக்கு அங்கே பஞ்சம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நடன வகுப்பில் வலியோடு ஆடி ஆடி, 1946-இல் படிப்பு முடிந்தபோது தடி இல்லாமல் நடந்தார். பிறகு லித்துவேனியாவின் கிளைபேடா துறைமுக நகரத்தில் கொஞ்ச காலம். 1948-இல் மாஸ்கோ அங்கத நாடக அரங்கில் சேர்ந்தார். 1987-இல் சாகும் வரை அங்கேயேதான் இருந்தார். ஒரே கம்பெனி, முப்பத்தொன்பது ஆண்டு. நம்மூரில் இத்தனை காலம் ஒரே இடத்தில் இருந்தவரென்றால் அவர் எச்.வி.எஃப்.காரராகத்தான் இருப்பார்.

அங்கே முதல் சில ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தவை மேடையின் ஒரு ஓரத்தில் வந்து போகும் வேடங்கள். சினிமாவில் பெயர் வாங்கியது நாற்பதைத் தாண்டிய பிறகு. 1964-இல் கான்ஸ்தந்தீன் சீமனோவின் போர் நாவலைப் படமாக்கியபோது, சிரிப்பு நடிகர் என்று முத்திரை விழுந்துவிட்ட பபானோவுக்கு ஜெனரல் செர்பிலின் வேடம் கொடுத்தார்கள். காயம்பட்ட காலோடு போர் முனையிலிருந்து திரும்பியவருக்கு அந்த உடுப்பை எப்படி அணிவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1969-இல் 'வைரக் கை' என்ற நகைச்சுவைப் படம், அதே ஆண்டில் தொடங்கிய 'நூ பகதீ' கார்ட்டூன். அதில் முயலைத் துரத்தித் துரத்தித் தோற்கும் ஓநாய்க்குக் கரகரத்த குரல் கொடுத்தவர் இவர். ஜெனரலாக நடித்த மனிதரைத் தெருவில் பார்த்த பிள்ளைகள் 'ஓநாய், ஓநாய்' என்று கத்தியது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம்.

இந்த வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது அந்த நாற்பது வயதுதான். புகழ் வருவதற்கு நாற்பது ஆகட்டும் என்று ஒரு நடிகனால் காத்திருக்க முடிந்திருக்கிறது. முதல் தேதி சம்பளம் வந்ததால் முடிந்தது. சின்ன வேடமானாலும் பெரிய வேடமானாலும் அரங்கின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது. படப்பிடிப்பு பகலில், நாடகம் இரவில். படம் ஓடாவிட்டாலும் அடுப்பு எரியும்.

அந்தச் சம்பளத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1966-இல் கவிஞர் த்வர்தோவ்ஸ்கியின் 'தியோர்கின்' என்ற சிப்பாய்ப் பாத்திரம் செத்து மேலுலகம் போய், அங்கேயும் சோவியத் ஆபீஸ் நடைமுறைகளையே சந்திப்பதாக ஒரு நாடகம். தியோர்கினாக நடித்தது பபானோவ். அரங்கு நிரம்பி வழிந்தது. சில வாரங்களில் மேலிடம் அதை நிறுத்திவிட்டது. சம்பளம் கொடுத்த கையேதான் திரையையும் இழுத்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். ரஷ்ய நாடகத்தைப் புதிதாகக் கட்டிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே ஆலைக்காரர்தான். இயற்பெயர் கான்ஸ்தந்தீன் அலெக்சேயெவ். குடும்பத் தொழில் மாஸ்கோவில் தங்க, வெள்ளி ஜரிகை இழுப்பது. பகலில் ஆலை நிர்வாகம், மாலையில் நடிப்பு. குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாது என்று வைத்துக்கொண்ட புனைபெயர்தான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய பிறகும் ஆலையை விடவில்லை. ஆலை வளாகத்திலேயே தொழிலாளர்களுக்காக ஒரு நாடகக் கூடம் கட்டினார், அது இன்றும் நாடக அரங்காகவே இருக்கிறது. உலகம் முழுக்க நடிப்புப் பள்ளிகளில் ஓதப்படும் முறைக்கு மூலதனம் போட்டதில் ஜரிகைக்கும் பங்கு உண்டு.

இனி நம் பக்கம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-இல் வந்த நடத்தை விதிகளில் பதினைந்தாவது விதி என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் அனுமதியின்றி வேறு தொழில் செய்யக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு, ஆபீஸ் வேலை கெடாத வரையில், வழி விடுகிறது. எனக்குத் தெரிந்து தமிழ் நாடகத்துக்கு எழுதப்பட்ட சட்டங்களில் நல்ல சட்டம் இதுதான். மற்றது 1954-இன் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம். எம்.ஆர்.ராதாவின் வாயை அடைக்க வந்தது என்று அன்றே எல்லோருக்கும் தெரியும். சுவடியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம், நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை நீடித்தது.

இது போன்ற விதிகளின் சந்துக்குள் நுழைந்து வந்த கூட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' எல்லாம் ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு எழுதி மேடையேற்றியவை. நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. ஆர்.எஸ்.மனோகர் தபால் இலாகா. பூர்ணம் விசுவநாதன் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், அங்கிருந்தே நாடகமும் ஆடியவர். மத்திய அரசைத் தாண்டித் தனியாரிலும் இதே கதைதான். நமக்குப் பக்கத்துப் பாடியில், சுந்தரம் கிளேட்டனில், பிரேக் செய்யும் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர் 1976-இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு ஒரு நாடகம் எழுதிக்கொடுத்தார். 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. மோகன் என்ற பெயருக்கு முன்னால் கிரேஸி ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் இவ்வளவு பெரிய பெயர்கள் கிடையாது. ஆனால் ஆள் நிறைய. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைத்துப் பொரிகடலை கொடுத்த பிறகு, குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தகரப் பந்தல் போட்டு ஒரு நாடகம் நடக்கும். மெஷின் ஷாப்பில் டர்னராக இருப்பவர் ஜமீன்தார். ஸ்டோர்ஸ் கிளார்க் கதாநாயகன். பெண் வேடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து காசு கொடுத்து ஒரு நடிகையைக் கூட்டி வருவார்கள். அவரையும் மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டு மணி வரை பதற்றத்தோடு ரயிலடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொங்கும் மைக்குக்கு நேராக வந்துதான் வசனம் பேச வேண்டும் என்பதால், நாடகம் முழுக்க எல்லோரும் மூன்று இடங்களுக்கு நடுவிலேயே நடப்பார்கள். வசனம் மறந்தால் படுதாவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் மைக்கில் தெளிவாகக் கேட்கும். கலைத்தரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஃபோர்மேன் வேடத்தில் வந்தவர் உண்மை ஃபோர்மேனின் நடையை அப்படியே நடந்து காட்டியபோது எழும் சிரிப்பை எந்த சபாவிலும் நான் கேட்டதில்லை.

அதிலே கொஞ்சம் தேறியவர்கள் நகரத்துப் பக்கம் போவார்கள். அங்கே சபா உலகம் என்று தனியாக ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். சபா அந்தக் காசில் மாதம் இரண்டு மூன்று நாடகங்களைக் குழுக்களிடமிருந்து வாங்கிப் போடும். வாணி மகால், நாரத கான சபா, ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று மேடைகள். புறநகர்களிலும் சின்னச் சின்ன சபாக்கள் முளைத்தன. ஒரு நாடகம் பிடித்துவிட்டால் ஊரைச் சுற்றி வந்து நூறு காட்சி தாண்டும். ஆவடியிலிருந்து போகிறவருக்கு இருந்த சிக்கல் கடைசி ரயில் ஒன்றுதான். நாடகம் ஒன்பதரைக்கு முடியும், அரிதாரத்தைத் துடைத்தும் துடைக்காமலும் சென்ட்ரலுக்கு ஓட்டம். காதோரம் ரோஸ் பவுடர் ஒட்டியிருக்கும் ஆளைப் பட்டாபிராம் வண்டியில் பார்த்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இந்த உலகத்திலிருந்து வந்து, பபானோவின் வாழ்க்கைக்கு ஏறக்குறைய எதிர்க்கரையில் நின்ற ஒருவர் உண்டென்றால் அவர் டெல்லி கணேஷ். 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வல்லநாட்டில் பிறந்த கணேசன், 1964-இல் விமானப்படையில் சேர்ந்தார். பத்தாண்டு வேலை. ஆவடியிலும் தாம்பரத்திலும் விமானப்படைத் தளங்களின் சுற்றுச்சுவரையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையின் ஒழுங்கு புரியும். விடியலில் எழுவது, வரிசையில் நிற்பது, கேள்வி கேட்காமல் செய்வது. இதற்கு நடுவே டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் நடித்தார். டெல்லியின் தமிழ் நாடகம் என்பதே முழுக்க முழுக்க மத்திய அரசு ஊழியர்களின் நாடகம்தான், பார்க்கிறவர்களும் அவர்களே.

1974-இல் படையை விட்டு சென்னைக்கு வந்தார். காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977-இல் படமாக எடுத்தபோது அதிலே நடித்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். வயது முப்பத்து மூன்று. இரண்டு வருடத்தில் துரையின் 'பசி'. ரிக்ஷா இழுக்கும் முனியாண்டி. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த அந்தப் படத்தில், மகள் சீரழிவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத அப்பனாக இவர் நடித்ததற்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பிராமணக் குடும்பக் கதைகளின் மாமாவாகவே இவரை நினைவில் வைத்திருப்பவர்கள் 'பசி'யை மறுபடி பார்க்க வேண்டும். அங்கே மொழி வேறு, தோள் வேறு, நடை வேறு.

அதற்குப் பிறகு நானூறு படங்களுக்கு மேல். இரண்டு மூன்றைத்தான் சொல்லப் போகிறேன். 'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து பாடகர் ஜே.கே.பி.யிடம் அவமானப்படும் மிருதங்க வித்வான். தானே பெரிய நடிப்பு எதுவும் காட்டாமல், பின்னால் அந்தப் பாடகன் குடியில் விழும்போது நாம் இவரை நினைக்கும்படி செய்துவிடுகிறார். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன் ஃபிரான்சிஸ் அன்பரசு. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காடு மணி ஐயர். கடைசி இரண்டுக்கும் வசனம் எழுதியது கிரேஸி மோகன் என்பதை மறக்கக் கூடாது. பாடி எஞ்சினியர் எழுத, முன்னாள் விமானப்படைக்காரர் பேச, தமிழ்நாடு சிரித்தது. 'அவ்வை சண்முகி', 'தெனாலி' என்று அந்தக் கூட்டு தொடர்ந்தது. அந்த வசனங்களின் வேகத்தில் ஓர் அசை பிசகினால் சிரிப்பு போய்விடும். அதைப் பிடிக்க சபா மேடையில் பத்து வருடம் நின்றிருக்க வேண்டும், ரீடேக் இல்லாத இடத்தில் பழகியிருக்க வேண்டும்.

பபானோவுக்கும் கணேஷுக்கும் ஒற்றுமைகள் தாமாகவே வந்து விழுகின்றன. இருவரும் படை உடுப்புப் போட்டவர்கள். இருவரும் மேடையில் வெந்து சினிமாவுக்குத் தாமதமாக வந்தவர்கள். இருவருக்கும் கதாநாயகன் முகம் கிடையாது. ஆனால் நடுவில் இருக்கும் பள்ளம் பெரியது. பபானோவ் சினிமாவுக்குப் போனபின்னும் மேடையை விட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் மேடைதான் அவருக்கு வேலை. நம் நடிகர் சினிமாவுக்குப் போனால் இரண்டு விடுதல்கள். முதலில் உத்தியோகத்தை விட வேண்டும், பிறகு கால்ஷீட் நெருக்கத்தில் மேடையையும் விட வேண்டும். பாலசந்தரும் நாகேஷும் மோகனும் ராஜினாமாக் கடிதம் எழுதியவர்கள். மோகன் மட்டும் கடைசி வரை மேடையை விடவில்லை. அது அவருடைய பிடிவாதம், ஏற்பாடு அல்ல.

1987 ஆகஸ்டில் பபானோவின் அரங்கு பால்டிக் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தது. இடையில் மாஸ்கோ வந்த அவர், 5-ஆம் தேதி தன் வீட்டுக் குளியலறையில் மாரடைப்பால் இறந்தார். வெந்நீர் நிறுத்தப்பட்டிருந்த நாட்கள், குளிர்ந்த தண்ணீரில் நின்றிருக்கிறார். படங்களிலும் மேடையிலும் அவருக்கு இணையாக நின்ற இளைய நடிகர் அந்திரேய் மிரோனோவ், 14-ஆம் தேதி ரீகா நகரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து, இரண்டு நாளில் போனார். ஒரே அரங்கு பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் இருவரை இழந்தது. பபானோவ் கடைசியாக நடித்த '1953-இன் குளிர்ந்த கோடை' அவர் மறைந்த பிறகுதான் வெளியாயிற்று, அரசுப் பரிசும் பிறகுதான் வந்தது.

அதே எண்பதுகளின் இறுதியில்தான் நம்மூரிலும் ஒரு சோதனை நடந்தது. ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் முழுநேர நடிகர்களை வைத்து மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. ஷிப்டு முடிந்த பிறகு அல்ல, காலையிலிருந்தே நடிகன். உடற்பயிற்சி, தெருக்கூத்து அடவு, குரல், ஒத்திகை. பசுபதியும் கலைராணியும் அங்கே உருவானவர்கள். சோவியத் முறைக்குத் தமிழில் மிக அருகில் வந்த ஏற்பாடு அது, அதற்குப் பணம் வந்தது அமெரிக்காவிலிருந்து என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்நிய நிதியைப் பற்றி அன்றைக்கு நடந்த சண்டைகள் சிற்றிதழ்ப் பக்கங்களில் காரமாகவே இருந்தன. சண்டை போட்டவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நிதி குறைந்ததும் சம்பளமும் குறைந்தது. ஆனால் தமிழ் சினிமா இன்றுவரை அந்தச் சில வருடச் சம்பளத்தின் விளைச்சலை அறுத்துக்கொண்டிருக்கிறது.

சபா நாடகத்தைத் தொலைக்காட்சி கொன்றது என்று சொல்வது வழக்கம். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, செவ்வாய்க்கிழமை நாடகம் வந்தது, 1993-இல் சன் டிவி வந்தது, சபாவின் நாற்காலிகள் காலியாயின. இது பாதிதான் உண்மை. பார்வையாளன் வீட்டுக்குப் போனது உண்மைதான், ஆனால் நடிகன் காணாமல் போனதற்குக் காரணம் அவனுடைய மாலை நேரம் காணாமல் போனது. நாலரை மணிக்கு முடியும் நிரந்தர வேலை, சனிக்கிழமை அரை நாள், தொழிற்சங்கம் வாங்கித் தந்த போனஸ், நடந்துபோகும் தூரத்தில் குவார்ட்டர்ஸ். இந்த நான்கும் சேர்ந்துதான் ஒரு கிளார்க்கை ஜமீன்தாராக்கின. ஒத்திகைக்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். டன்லப் என்பது இப்போது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். ஆவடித் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற கம்பெனியின் கீழ் வந்துவிட்டது, அதன் தலைமை அலுவலகமும் ஆவடியில்தான். அப்போது இருந்த நிரந்தர ஊழியர்களுக்குப் பழைய விதியே தொடர்ந்தது, பதினைந்தாவது விதி உட்பட. கம்பெனிகளில் அவர்களுக்குப் பக்கத்திலேயே காண்ட்ராக்டில் நிற்கும் பையன்களுக்கு எந்த விதியும் தடை இல்லை, எந்த மாலையும் சொந்தமில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, இரவு ஷிப்டு, ஓய்ந்த நேரத்தில் டெலிவரி வண்டி. இவர்களில் பத்துப் பேரை ஒரு மாதம் தொடர்ந்து ஏழு மணிக்கு ஒரு மொட்டைமாடிக்கு வரவழைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

நடிக்கும் ஆசை மட்டும் குறையவே இல்லை. கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை போனால் மூன்று கோஷ்டியாவது ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும். ஒருவர் நடிக்க ஒருவர் செல்போனைப் பிடிக்க, ஆள் இல்லாவிட்டால் தனியாளாகவே முடித்துவிடக் கூடிய கலை அது. சக நடிகன் வேண்டாம், ஒத்திகை வேண்டாம், நேரம் ஒத்துவர வேண்டாம். சிலர் நிஜமாகவே நன்றாகச் செய்கிறார்கள், அரை நிமிடத்துக்குள் ஒரு குணச்சித்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எதிரில் நிற்பவன் வசனத்தை மறந்துவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்பதும் தெரியாது. கணேஷ் போன்றவர்களுக்கு அது இரண்டும்தான் தொழிலின் அரிச்சுவடி.

அவருமே புது வழியைத் தள்ளிவைத்தவர் அல்ல. 'பேட்மேன் சென்னைக்காரனாக இருந்தால்' என்று யூடியூப் பையன்கள் ஒரு குறும்படம் எடுத்தபோது ஆல்ஃபிரட் வேடத்தில் வந்து, வீட்டுப் பெரியவர் தோரணையில் பேட்மேனைக் கடிந்துகொண்டார். அதை வைத்தே அவரை அறிந்த ஒரு தலைமுறை உண்டு. 2024 நவம்பர் 9-ஆம் தேதி இரவு ராமாபுரத்து வீட்டில் அவர் காலமானபோது எண்பது வயது. விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். பத்தாண்டு வேலை பார்த்து, விட்டு வந்து ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. பழைய உத்தியோகம் அவரைக் கணக்கில் வைத்திருந்தது.

ரஷ்யாவில் நாடக அரங்குகளுக்கு அரசுப் பணம் சோவியத் போன பின்னும் நிற்கவில்லை. அந்தப் பணத்தோடு வரும் கையும் போகவில்லை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் மாஸ்கோவின் சவ்ரிமேன்னிக் அரங்கின் பெரிய நடிகை சுல்பான் ஹமாத்தவா நாட்டை விட்டே வெளியேறி லாத்வியாவில் ரீகாவுக்குப் போனார். அங்கே வேறு மொழியில் நடிக்கப் பழகினார். சம்பளமா, சுதந்திரமா என்ற கேள்விக்கு அந்த நாட்டில் இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. நமக்கு அந்தக் கேள்வியே வரவில்லை, ஏனென்றால் நம்மிடம் முதலாவது கிடையாது.

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கத்தில் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. கணேஷின் கடைசிப் படங்களில் ஒன்றான 'இந்தியன் 2'-க்கு அங்கே செட் போட்டிருந்தபோதுதான், 2020 பிப்ரவரியில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிக் பாஸ் வீடும் அதே வளாகத்தில்தான். 2024-இல் அந்த நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியவர் விஜய் சேதுபதி, அவர் கூத்துப்பட்டறையில் முதலில் வேலை பார்த்தது கணக்கராக. அங்கே நடிகர்கள் செய்யும் பயிற்சியைக் கணக்குப் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக் கற்றவர். இதை ஆவடிப் பையன்களிடம் சொன்னால், 'சார், அவர் துபாய்ல இருந்து வந்து ஹீரோ ஆனாரு' என்பார்கள். நடுவில் ஒரு பட்டறை இருந்தது என்பது அவர்கள் காதில் விழுவதில்லை. அவர்கள் போகும் வழி வேறு. வாட்ஸ்அப்பில் வரும் காஸ்டிங் கால், ஆறு வரி வசனம், வீட்டுச் சுவர் முன் நின்று தானே எடுத்து அனுப்பும் வீடியோ. பதில் வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். ஏன் எடுபடவில்லை என்று சொல்ல அங்கே வாத்தியார் யாரும் இல்லை.

அரசு சம்பளம் கொடுக்கும் நாடகக் குழு ஒன்று ஆவடிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பது ரொம்பச் சின்னது. சி.டி.எச். சாலையின் இரண்டு பக்கமும், எச்.வி.எஃப். சாலையிலும் கல்யாண மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. மேடை உண்டு, மைக் உண்டு, ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, ஒப்பனை செய்துகொள்ள மணமகள் அறைகூட உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, இரண்டு மாதமும் பூட்டித்தான் கிடக்கின்றன. கரண்டு பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு, வாரம் மூன்று நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் திறந்துவிட ஒரு மண்டபக்காரர் சம்மதித்தால், இரவு ஷிப்டு இல்லாத பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு.